டப்பா மூடியில் ஒரு பிழை

– கறுப்பு முந்நூறு கிராம் ஏறியிருக்கு, மாமா! சாம்பல் இருநூறு. பூனை டாக்டரம்மா நம்பாம ரெண்டு தடவை தராசுல ஏத்திப் பார்த்தாங்க. எனக்கு மண்டை காயுது.

– ஏறினா நல்லதுதானேம்மா. அதுக்கு ஏன் கூடையைத் தொப்புன்னு வைக்குற? உள்ளே இருக்கிறதுங்க மிரளப் போகுதுங்க.

– காலையில நான் வைக்குற வெட் ஃபுட்டை மோந்து பார்த்துட்டு, மண்ணைத் தள்ளி மூடுற மாதிரி தரையைப் பிறாண்டிட்டுப் போயிடுதுங்க. சாயங்காலமும் அதே கதைதான். அப்புறம் எப்படி எடை ஏறும்?

– ஈரச் சாப்பாடுன்னு சொல்லேன். நாக்கு ஒண்ணும் சுளுக்கிக்காது.

– சரி, ஈரச் சாப்பாடு. கறுப்புக்குச் சிறுநீரகம் சரியில்லை, இதைத்தான் கொடுக்கணும்னு அவங்களே சொன்ன புதுச் சாப்பாடு. மதியம் நீங்க வச்சா மட்டும் நிஜமாவே சாப்பிடுதுங்களா?

– சாப்பிடுறதாவது! தட்டை நக்கித் துடைச்சுட்டு, இன்னும் கொடுன்னு என் காலைச் சுத்திச் சுத்தி வருதுங்க.

– அதே சாப்பாடு, அதே தட்டு. என் கையால வச்சா ஆகலை, உங்க கையால வச்சா அமிர்தமா? நாலு வருஷமா வளர்க்கிறவ நான். நீங்க வந்து ஒன்பது நாள்தான் ஆகுது.

– நான் என்ன மந்திரமா போட்டேன்? ஃப்ரிட்ஜைத் திறந்தேன், எடுத்தேன், வச்சேன்.

– சூடு பண்ணினீங்களா?

– இல்லை.

– கூட எதையாவது கலந்தீங்களா?

– நாற்பது வருஷம் அச்சகத்துல பிழை திருத்தினவன்மா நான். மூலத்துல இல்லாததைச் சேர்க்கிறது எங்க தொழில்லயே கிடையாது.

– ஒண்ணும் புரியலை, போங்க. ஆமா, நீங்க மதியம் சாப்பிட்டீங்களா?

– சாப்பிட்டேன். ஒரு துளி மிச்சம் வைக்கலை. டப்பாவைக்கூட வழிச்சாச்சு, கழுவியும் வச்சாச்சு. வேணும்னா போய்ப் பாரு.

– ஐயே, சும்மா கேட்டேன் மாமா. அதுக்கு ஏன் முகம் இப்படி வாடிப் போகுது? அது என்ன, கதவு பக்கத்துல உங்க பெட்டி?

– கிளம்பலாம்னு இருக்கேன்.

– எங்கே?

– என் வீட்டுக்கு.

– அங்கே கூரை ஒழுகுது, தனியா இருக்க வேண்டாம்னுதானே உங்க பிள்ளையும் நானும் கூட்டிட்டு வந்தோம்?

– ஒழுகுற இடத்துல பாத்திரம் வச்சுக்கிட்டா போச்சு. என்னைக் கொண்டுபோய் விடுற சிரமம் உனக்கு எதுக்கு? நானே போயிடுறேன்.

– யாரு, யாரைக் கொண்டுபோய் விடுறாங்க? மாமா, தலையும் புரியலை, வாலும் புரியலை. நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?

– பேச்சை விடு. எழுத்துலயே... வேண்டாம்மா. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கலை.

– நான் என்னத்தை எழுதினேன்? முதல்ல உட்காருங்க, தண்ணி கொண்டு வரேன்... மாமா! சமையல் மேடையில கிடக்குற இந்த டப்பா மூடியில, சிவப்புப் பேனாவால யாரு கை வச்சது?

– நான்தான்.

– 'பெரியவன்'னு சீட்டு ஒட்டியிருந்தேன். 'ன்'னை அடிச்சுட்டு மேல 'ர்' போட்டிருக்கீங்க.

– பின்னே? மாமனாரை அவன் இவன்னு எழுதி ஒட்டினா? எட்டு நாள் பொறுத்தேன். இன்னைக்குக் கிளம்புறவன்தானேன்னு, ஒரே ஒரு எழுத்தைத் திருத்திட்டேன்.

– ஐயோ கடவுளே!

– எழுத்து மட்டுமா? நான் வந்த அன்னைக்கே உன் வீட்டுக்காரன்கிட்ட ஃபோன்ல சொன்னியே, 'பெரியவன் எதை வச்சாலும் முகத்தைச் சுளிக்கிறான், இப்படியே இருந்தா கொண்டுபோய் விட வேண்டியதுதான்'னு. நேத்து அதுக்கு நாளும் குறிச்சுட்ட. சனிக்கிழமை விட்டுடலாம், நாலு நாள் அவங்க பார்த்துக்கட்டும்னு. பால்கனியில துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். எனக்குக் காது இன்னும் நல்லாத்தான் கேட்குதும்மா.

– மாமா, அது நீங்க இல்லை!

– இந்த வீட்டுல வேற எந்தப் பெரியவன் இருக்கான்?

– இதோ, கூடைக்குள்ள உம்முன்னு உட்கார்ந்திருக்கானே, கறுப்பு. அவன் பேருதான் பெரியவன். சாம்பல் பேரு சின்னவன்.

– ஒன்பது நாளா நீ கறுப்பு, கறுப்புன்னுதானே கூப்பிடுற?

– அக்கம்பக்கத்துல எல்லாரும் உங்களைப் 'பெரியவர் வந்திருக்காரா'ன்னு விசாரிக்கிறாங்க. உங்களை வச்சுக்கிட்டு ஒரு பூனையைப் 'பெரியவன், இங்க வாடா தடியா'ன்னு கூப்பிட எனக்கு வாய் வருமா? நீங்க வச்ச பேரையே நானும் சொல்லிட்டேன். மரியாதைக்குத்தான் மாமா!

– அப்போ, சனிக்கிழமை?

– டாக்டரம்மாகிட்ட விடுறது. நாலு நாள் அங்கேயே வச்சு மருந்து ஏத்துறதுக்கு. உங்களைப் போய் நான்... முதல்ல அந்தப் பெட்டியை உள்ளே வைங்க. எனக்கு அழுகையா வருது.

– அழாதேம்மா. தப்பாப் படிச்சது நான். நாற்பது வருஷத்துல இவ்வளவு பெரிய பிழையை நான் விட்டதே இல்லை. பெட்டியை எடுத்துடுறேன், சரியா? கண்ணைத் துடை.

– இருங்க, இருங்க. உங்களுக்குன்னு தினமும் மீனும் கேரட்டும் வேக வச்சு, 'உப்பில்லாதது'ன்னு சீட்டு ஒட்டி வச்சுட்டுப் போறேனே. அது என்ன ஆச்சு?

– அதுதானேம்மா ஈரச் சாப்பாடு? மீன் இருந்தது, தண்ணி நின்னுது. பூனைக்கு உப்பு ஆகாதுன்னு யாரோ சொல்லிக் கேட்டிருக்கேன். அதைத்தான் தினமும் அதுங்களுக்கு வச்சேன்.

– ரத்த அழுத்தம் உங்களுக்கு, மாமா! உப்பு ஆகாதது உங்களுக்கு! அப்போ... பெரியவன்னு ஒட்டின டப்பாவுல இருந்தது?

– அந்தக் குழம்பா? வழவழன்னு இருந்தது. வாடைதான் கொஞ்சம் தூக்கல். உனக்கு இன்னும் கை பழகலை போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

– மாமா... அதை நீங்க ஒன்பது நாளும்...

– முகத்தைச் சுளிச்சா அனுப்பிடுவீங்களோன்னுதான்மா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரு வாய் விடாம சாப்பிட்டேன்.