விட்டுக்கொடுத்தவள்

நீங்கள் போட்டுக் கொடுத்த டீ நன்றாக இருக்கிறது, தம்பி. சர்க்கரை மட்டும் குறைவு. என் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் பிடிக்கும். அவரோடு ஒரே காரில் சுற்றுகிறீர்கள், இதற்குள் தெரிந்துவைத்திருப்பீர்கள்.

நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு முன்னால் அவரோடு வேலை பார்த்தவளைப் பற்றி இந்த ஸ்டேஷனில் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அவர் கேள்வி கேட்பார், அவள் பதில் சொல்பவரின் முகத்தைப் படிப்பாள். கத்தரிக்கோல் என்றுதான் இருவரையும் சேர்த்துச் சொல்வார்களாம். ஆள் குள்ளம் என்பதால் அவர் அவளைப் பொடிசு என்பார். அவள் அவரை அண்ணே என்பாள், என்னை அண்ணி என்பாள். அவர்களுக்குள் தப்பாக எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஊரைக் கூட்டி அழுதிருப்பேன், நாலு பேர் என் பக்கம் பேசியிருப்பார்கள். பேச்சுக்காகப் பொறாமைப்படுகிறவளுக்கு யார் பரிந்து பேசுவார்கள்?

ஆமாம், வெறும் பேச்சுதான். எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வழக்குகளைப் பேசுவார்கள். அவள் பாதி சொல்வாள், மீதியை அவர் முடிப்பார். நான் சோறு போடுவேன். என்னிடம் அவர் பேசுவது "உப்பு எங்க", "கதவைச் சாத்து" அவ்வளவுதான்.

ஒருமுறை, தையல்காரர் ஒருவர் காணாமல் போன வழக்கில், அவருடைய தங்கைதான் பொய் சொல்கிறாள் என்று எனக்குப் பட்டது. சொன்னேன்.

"உனக்கு என்னடி தெரியும்?" என்று அவர் சிரித்தார்.

"இல்லண்ணே, அண்ணி சொல்றது சரியா இருக்கும்னு தோணுது," என்றாள் அவள்.

சரியாகத்தான் இருந்தது. அவர் அதை என்னிடம் சொல்லவேயில்லை. அவள்தான் போன் செய்து, "அண்ணி, நீங்க சொன்னதுதான் நடந்துருக்கு," என்றாள். அன்றுதான் அவளை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காமல் போனது. என் புருஷன் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய வார்த்தை அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், அவள் எங்கள் வீட்டில் மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்கப் போனேன். வேறு எண்ணத்தோடு போகவில்லை. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். புருஷனை விட்டுப் பிரிந்த பிறகு அந்தக் கட்டடத்தில் தனியாகத்தான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மொட்டைமாடிக் குட்டைச் சுவரில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து இடத்தைத் தட்டிக்காட்டினாள்.

"அண்ணி, நான் மாத்தல் கேட்டிருக்கேன். அண்ணன்கிட்ட இன்னும் சொல்லல. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

"ஏன்?"

"அவர் எப்பவும் என்கூடவேதான் பேசிட்டிருக்கார். நீங்க பக்கத்துலயே நிக்கிறீங்க. எனக்கே கஷ்டமா இருக்கு. நான் போயிட்டா உங்களோட பேசுவார்."

நல்ல மனசு. இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் யோசித்துப் பாருங்கள், தம்பி. கட்டிய புருஷனை இன்னொருத்தி பெரிய மனசு பண்ணி எனக்கு விட்டுக்கொடுக்கிறாள், தட்டில் மிஞ்சியதைத் தள்ளிவைப்பதுபோல. அதை வாங்கிக்கொண்டு நான் எப்படிக் காலம் தள்ளுவது? முகத்தைப் பார்த்தே குற்றவாளியைச் சொல்லிவிடுவாள் என்று அவர் பெருமைப்படுவார். என் முகத்தை அவள் அப்படிப் பார்த்ததேயில்லை. பார்த்திருந்தால் எழுந்து நின்றிருப்பாள்.

இரண்டு கையாலும் தள்ளினேன். என் சேலையைப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

பிறகு நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. அவர் வீட்டுக்கு வந்தார், மேசையில் உட்கார்ந்தார், என்னையும் உட்காரச் சொன்னார். அவளுடைய நகமெல்லாம் உடைந்திருந்ததாம். தானாக விழவில்லை, யாரோ தள்ளியிருக்கிறார்கள் என்றார். அழுதார். பிறகு என்னைப் பார்த்து, "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் கேட்காத கேள்வி. மறுநாளும் கேட்டார், அதற்கடுத்த நாளும் கேட்டார். நான் பாதி சொன்னேன், அவர் முடித்தார். அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவர், முன்கோபி, தெருவில் நின்று அவளைத் திட்டியதை நாலு பேர் கேட்டிருந்தார்கள். "அவர்கிட்ட வீட்டுச் சாவி இன்னும் இருக்குமில்ல?" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

பஸ் டிரைவரைப் பிடித்தார்கள். வழக்கு முடிந்தது. பேச்சும் முடிந்தது. மறுபடி உப்பு, மறுபடி கதவு.

பிறகு போன வாரம் நீங்கள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தீர்கள். நீங்கள் ஏதோ சொல்ல ஆரம்பித்தீர்கள், அவர் முடித்தார். இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். உங்களையும் எங்காவது உயரமான இடத்துக்குக் கூட்டிப்போகலாமா என்று யோசித்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன். நீங்கள் வாட்டசாட்டமான ஆள், எனக்கு முட்டி வலி. அதைவிட இங்கே வந்து உட்காருவது சுலபம் என்று பட்டது. அந்த டிரைவரை விட்டுவிடுங்கள், பாவம்.

அவர் வராந்தாவில்தான் நிற்கிறார், அவருடைய செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். உள்ளே வர மாட்டேன் என்று சொன்னாராமே. வருவார். கடைசி விரலை நான் எடுத்துவிடும்போது பொடிசு ஒரு வார்த்தை சொன்னாள். அதை உங்களிடம் சொல்ல மாட்டேன், அவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தால்தான் சொல்வேன். போய்ச் சொல்லுங்கள், ஓடி வருவார். அந்த வார்த்தைக்காக இல்லை, தம்பி. என்னோடு பேசத்தான்.