நானூற்றுப் பன்னிரண்டு படங்கள்

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அதன் மின்கம்பியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார்கள். நான் கோபித்துக்கொள்வதில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரம் கிடையாது, அலமாரியில் ஒன்பது கம்பிகள் இருக்கின்றன.

சார்ஜென்ட் ஒவேலார் ஐயா, மேற்கொண்டு எழுதுமுன் ஒரு திருத்தம். புகார்தாரர் பெயர் என்ற இடத்தில் ருஃபினோ பெனித்தெஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள்மேல் தப்பில்லை. நீங்கள் இந்தக் கராபெகுவா ஊருக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ருஃபினோவின் மனைவி ஃபிதெலினா வீட்டுச் சுவரிலிருந்த கல்யாணப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, என் முகத்தோடு ஒத்துப் பார்த்து, இவர்தான் மாப்பிள்ளை என்று அழைத்து வந்தீர்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் என் பெயர் எவாரிஸ்டோ துவார்த்தே. பேருந்து நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறேன். ருஃபினோ பெனித்தெஸ் உங்கள் லாக்கப்பில் இருக்கிறார். ஆள்மாறாட்டம் என்று பிடித்துப் போட்டிருக்கிறீர்களே, அவரேதான்.

குவளையை இப்படிக் கொடுங்கள். இந்த ஜில்லென்ற தெரெரே மூலிகைத் தேநீரைக் குடித்துக்கொண்டே சொல்கிறேன். நான் நன்றி சொல்லும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஃபிதெலினா ஒரு கம்ப்யூட்டரைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போல் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். கூடவே இரண்டு பிள்ளைகள். மகள் மிலாக்ரோஸுக்கு அப்போது நாலு வயது, மகன் தெர்லிஸுக்கு இரண்டு.

"தோன் எவாரிஸ்டோ, இது உசுர விட்டுடுச்சு. எங்க வீட்டுக்காரர் ஸ்பெயினுக்கு வேலைக்குப் போயிட்டார். அவரு படம் பூரா இதுக்குள்ளதான் இருக்கு. எப்படியாச்சும் எடுத்துக் கொடுங்க. பிள்ளைங்க முகத்தை மறந்துடும்."

மின்கம்பியை மறக்காமல் கொண்டுவந்திருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அதில் பெரிய பழுது எதுவுமில்லை. உள்ளே ரேம் என்று ஒரு சின்னப் பட்டை இருக்கும். அதன் விளிம்பில் அழுக்குப் படிந்தால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரால் நாலு தேய்ப்புத் தேய்த்து மாட்டினால் போதும். ஐந்து நிமிடத்தில் உயிர் வந்துவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டு படங்கள், ஒரு கீறல் இல்லாமல்.

சாயங்காலம் வந்து கேட்டபோது, கஷ்டம்தான், ஒவ்வொன்றாகத்தான் இழுக்க வேண்டும் என்றேன். இந்த வாரத்துக்கு ஒன்று வந்திருக்கிறது என்று சொல்லி ஒரு படத்தைக் காட்டினேன். ஃபிதெலினா அழுதார். அடுத்த சனிக்கிழமை சுடச்சுட சீப்பா ரொட்டி சுட்டு, துணியில் கட்டிக் கொண்டுவந்தார். நான் தெரெரே ஊற்றினேன். மூன்று பேரும் என் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டாவது படத்தைப் பார்த்தார்கள். என் கடையில் அதற்கு முன்னால் யாரும் உட்கார்ந்ததில்லை, ஐயா. மூன்றாவது படத்தை எந்த அவசரத்துக்காக நான் முன்கூட்டிக் கொடுக்க வேண்டும்?

பொய் என்று எழுதாதீர்கள். தவணை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஏழாவது படத்தில் ருஃபினோ கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கையில் பீர். வாரம் முழுக்கக் காத்திருந்த பிள்ளைகளுக்கு அதையா காட்டுவது? கண்ணைத் திறந்து வைத்தேன். திறந்த கண் வேண்டுமென்றால் எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். கைக்கெட்டிய தூரத்தில் என் கண்தான் இருந்தது. பீர் பாட்டிலை எடுத்துவிட்டுத் தெரெரே குவளையை வைத்தேன். பிறகு எல்லாப் படத்திலும் குவளை வைத்தேன். ஒரு மனிதனுக்கு ஒரே பழக்கம் இருப்பதுதான் அழகு.

எறும்பு ஊரக் கல்லும் தேயும். முதல் வருடம் கண். இரண்டாம் வருடம் மூக்கு, கொஞ்சம் கொஞ்சமாக. மூன்றாம் வருடம் தாடை. காது கடைசியில்தான், காதை யாரும் பார்ப்பதில்லை. முன்பு கொடுத்த படங்களையும் வாங்கி, தெளிவு கூட்டித் தருகிறேன் என்று சொல்லி மாற்றிக் கொடுத்தேன். சுவரிலிருந்த கல்யாணப் படத்தையும் அப்படித்தான். தெர்லிஸ் ஒருமுறை, "அப்பா மூக்கும் முழியுமா இருக்கார்ல?" என்று அம்மாவைக் கேட்டான். நாற்பத்தைந்து வருடத்தில் என் மூக்கை யாரும் பாராட்டியதில்லை.

மிலாக்ரோஸ் கெட்டிக்காரி. "அம்மா, கடைக்காரரு ஏன் அப்பா மாதிரியே இருக்காரு?" என்றாள். ஃபிதெலினா சிரித்தார். "உலகத்துல ஒரே மாதிரி ஏழு பேரு இருப்பாங்கடி. நமக்கு ஒருத்தர் பக்கத்துலயே கெடைச்சிருக்காரு."

ஸ்பெயினிலிருந்து மாதம் ஒரு முறை போன் வரும். பழைய போன், குரல் மட்டும்தான் கேட்கும். அந்தக் குரல் முகத்துக்கு ஒட்டவில்லை என்று ஃபிதெலினா ஒருமுறை வருத்தப்பட்டார். அங்கே காற்று வறட்சி, தொண்டை மாறிவிடும் என்றேன். சமாதானமாகிவிட்டார். ஒருவரைச் சமாதானப்படுத்துவது குற்றமா என்று எனக்குத் தெரியவில்லை.

போன வியாழக்கிழமை மதியம் ருஃபினோ பெட்டியோடு வந்து இறங்கினார். சொல்லாமல் வந்தார். பிள்ளைகள் ஆச்சரியப்படட்டும் என்று நினைத்தாராம். ஆச்சரியப்பட்டார்கள். மிலாக்ரோஸ் கதவைத் திறக்கவில்லை. "எங்க அப்பா சுவத்துல இருக்கார். நீங்க யாரு?" என்று கேட்டிருக்கிறாள். அவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாராம்.

பக்கத்து வீட்டு பாஸ்தோரா அக்கா குடிவந்து மூன்று வருடம்தான். ருஃபினோவைப் படத்தில் மட்டுமே தெரியும். நல்ல மனுஷி, வெயிலில் ஒருவன் அழுகிறானே என்று தெரெரே ஊற்றிக் கொடுத்திருக்கிறார். ருஃபினோ ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, வெளிநாட்டுப் பழக்கத்தில், நன்றி என்று சொல்லிவிட்டார். நம் ஊரில் அதன் அர்த்தம் போதும், இனி வேண்டாம் என்பதுதானே? அந்த வெயிலில், முதல் மடக்கிலேயே. அக்கா கத்தியிருக்கிறார்:

"அடப்பாவி, ருஃபினோ எந்தப் படத்துலயாவது குவளையக் கீழ வச்சுருக்காரா? இவன் ஒரே உறிஞ்சுல நன்றிங்கறான். இவனா ருஃபினோ? பிடிங்கடா இவன!"

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பிடித்தவர் நீங்கள்தான்.

ஃபிதெலினா மட்டும் சண்டை போடவில்லை. வேலிக்கு உள்ளேயிருந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றாராம். அன்று சாயங்காலம் என் கடைக்கு வந்தார். வியாழக்கிழமை அவர் வந்ததே இல்லை. சீப்பா கொண்டுவரவில்லை.

"தோன் எவாரிஸ்டோ, அந்த ஆளோட குரல் என் புருஷன் குரல். நடையும் அவரு நடை. ஆனா முகம் படத்துல இருக்கிற முகம் இல்ல. படம் பொய் சொல்லுமா? அப்போ என் தலைதான் கெட்டுப்போச்சு. பிள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். பயப்படாதீர்கள் என்றேன். நினைவும் ஹார்ட் டிஸ்க் மாதிரிதான், இடையிடையே கெட்டுப்போகும், அவசரப்படாமல் ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம், சனிக்கிழமை வாருங்கள் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். போகும்போது என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். ஆறு வருடமாக என் பெஞ்சில் தெரெரே குடித்தவர், ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அன்று நான் தெரெரே ஊற்றவே இல்லை, அதனால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆக, உங்கள் கைதியை நீங்கள் விட்டுவிடலாம். அவர் பொய் சொல்லவில்லை. முகத்தை மாற்றியவன் நான்தான், முந்நூற்றுச் சொச்சம் சனிக்கிழமைகளில், என் கையால். யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அசல் படங்களை நான் அழிக்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டும் ஒரு ஹார்ட் டிஸ்கில், என் மேசை இழுப்பறையில், அழிரப்பருக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கின்றன.

உங்களிடம் ஒப்படைப்பதற்காக நேற்று அவற்றைத் திறந்து பார்த்தேன். எதையும் திருத்தாமல், வரிசையாக, ஆறு வருடம் கழித்து இப்போதுதான் பார்க்கிறேன். எங்கள் கல்யாணம், எனக்கும் ஃபிதெலினாவுக்கும். தேவாலய வாசலில் மழை பிடித்துக்கொண்டது, அந்த ஈரச் சட்டை இன்னும் என் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மிலாக்ரோஸின் ஞானஸ்நானம், இப்பாக்கராய் ஏரி, தெர்லிஸின் முதல் பல். ஒன்றில்கூட நான் இல்லை, ஐயா. யாரோ பொறுமையாக, ஒவ்வொரு படத்திலும் என்னை எடுத்துவிட்டு, லாக்கப்பில் இருக்கிறாரே அவரை வைத்திருக்கிறார்கள். வேலை அவ்வளவு சுத்தம், ஒட்டுப்போட்ட இடம் எனக்கே தெரியவில்லை.

அதனால்தான் புகார்தாரர் என்ற இடத்தில் என் பெயரை எழுதச் சொன்னேன்.