வெள்ளிதான்னு சொல்லிட்டேன்

– மாமா, இன்னொரு தடவ டாக்டர்கிட்ட போய்க் கேளுங்க.

– என்னத்த மச்சான் கேக்கறது? எக்ஸ்ரேயப் பாத்துட்டுத்தானே சொன்னாரு. பாப்பா முழுங்கின காசு தொண்டையில நிக்கல, வயித்துக்கு எறங்கிடுச்சு. ரெண்டு நாள்ல தானா வெளிய வந்துடுமாம்.

– வரலன்னா?

– வரும்டா. போன மாசம் ஒரு பையன் சட்டை பட்டன முழுங்கிட்டு இதே பெஞ்சுலதான் உக்காந்திருந்தானாம். சிஸ்டர் சொன்னாங்க.

– பட்டனும் காசும் ஒண்ணா?

– பெத்தவன் நானே வாய மூடிட்டு இருக்கேன். நீ ஏன் கெடந்து துடிக்கிற?

– தாய்மாமன் மாமா நான். அவ பொறந்தப்ப மொதல்ல தூக்கினவன்.

– சரி சரி... இந்தப் பக்கம் வந்து உக்காரு. அங்க பெஞ்சுக் கால் ஆடுது.

– வாய் வழியா குழாய விட்டு எடுத்துடலாமாமே?

– நாலு வயசுப் பிள்ளைக்கு மயக்க மருந்தா? அவசியமில்லாம எதுக்குன்னு அவரே கேக்கறாரு.

– அவசியம்னு நீங்க சொல்லுங்களேன்...

– என்னன்னு சொல்ல?

– ...உங்க போன் அடிக்குது மாமா.

– அடிக்கட்டும். போன்ல போட்ட ஏலம்தான். எவனோ கூட்டிக் கேட்டிருக்கான்.

– எந்தக் காச?

– அதத்தான். பாப்பா முழுங்கினத.

– இன்னும் நிறுத்தலயா நீங்க?

– எங்க நிறுத்தறது? சாயங்காலம் முடியுது. காசோட பின்பக்கம் இன்னொரு படம் போடுங்கன்னு ஒருத்தர் கேட்டாரு. போர்வை மேல வச்சு, வெளக்கத் திருப்பிட்டு வர்றதுக்குள்ள... மிட்டாய்னு நெனச்சுட்டா.

– வெளிய வந்ததும் கழுவித் தொடச்சு பார்சல் பண்ணிடுவீங்க போல.

– நீ மட்டும் என்ன? ராணி தல போட்ட காசு கைய விட்டுப் போயிடுமோன்னுதானே இந்தப் பறப்பு பறக்கற?

– வாயக் கழுவுங்க மாமா.

– சும்மா தமாஷுக்குடா... உன் அக்கா உள்ள அழுதுட்டு இருக்கா. என்ன பேசறதுன்னே தெரியல எனக்கு.

– டாக்டர் என்ன காசுன்னு கேட்டாரா?

– கேட்டாரு. வெள்ளின்னேன். அந்தக் காலத்து சுத்த வெள்ளின்னேன். அப்பக் கவலையில்ல, வெள்ளி ஒண்ணும் பண்ணாதுன்னுட்டாரு... ஏன் உனக்கு மூஞ்சி இப்படிப் போகுது?

– நீங்க எட போட்டுப் பாத்தீங்களா? உரசிப் பாத்தீங்களா?

– எதுக்கு? நீ குடுத்தா கண்ண மூடிட்டு வாங்கறவன் நான். யாரோ பெரியவர் வீட்டுப் பொட்டியில கெடந்த காசுன்னு சொன்ன. போதாதா?

– அன்னிக்கு ஒருத்தர் உங்ககிட்ட வாங்கின காச திருப்பி அனுப்பி, போலீசுக்குப் போவேன்னாரே...

– இங்க வந்துதான் அதப் பேசணுமா? அந்தாளு இன்னும் விடல. நேத்துகூட மிரட்டிட்டான். சுவத்துக்குக்கூட காது இருக்கும், கொஞ்சம் அடக்கிப் பேசு.

– பாப்பாவோட அப்பா யாருங்க?

– நான்தான் சிஸ்டர். என்ன ஆச்சு?

– மறுபடியும் வாந்தி எடுத்துட்டா. வயித்தப் புடிச்சுக்கிட்டு சுருண்டு படுத்திருக்கா. டாக்டர் மேல் மாடியில இருக்காரு, போன்ல கேக்கறாரு. அந்தக் காசு வெள்ளிதானே? நிச்சயமாத் தெரியுமா?

– வெள்ளிதான் சிஸ்டர்.

– சரி, சொல்லிடறேன்.

– மாமா... அவங்களக் கூப்பிடுங்க.

– உக்காரு.

– அது வெள்ளி இல்ல மாமா.

– மெதுவாப் பேசு.

– மேல மட்டும்தான் வெள்ளிப் பூச்சு. உள்ள ஊத்தினது நான். பெரியவரும் இல்ல, பொட்டியும் இல்ல. நீங்க இதுவரைக்கும் வித்த எல்லாமே என் பட்டறையில ஊத்தினதுதான். நீங்க நம்பி வித்தீங்க... அந்தப் பழி உங்க மேல வேண்டாம்னு சொல்லாம விட்டேன்.

– மெதுவாப் பேசுன்னு சொன்னேன்.

– ஈயம் மாமா அது. இந்தத் தடவ செம்பு வாங்கக் கட்டுப்படியாகல. பழைய பேட்டரிய ஒடச்சு உருக்கினேன். பூச்சு ரொம்ப மெல்லிசு, வயித்துப் புளிப்புல நிக்காது. பேட்டரிக் கடையில வேல செஞ்சவன் ஒருத்தன் ஈயம் ஒடம்புல ஏறி சொந்தப் பொண்டாட்டி பேரு ஞாபகம் இல்லாமத் திரியறத நான் பாத்திருக்கேன்... அவன் பெரிய ஆளு. இவ பாப்பா. எந்திரிங்க. ஓடிப் போய்ச் சொல்லுங்க. போலீஸ் வந்தா என்னக் கைகாட்டுங்க, நான் போறேன் உள்ள. உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நானே எழுதிக் குடுக்கறேன்... ஏன் மாமா என்னயே பாக்கறீங்க? அடிங்க. அடிச்சுட்டாவது போங்க.

– கைய விடு... சிஸ்டர்... சிஸ்டர், நில்லுங்க, அது வெள்ளி இல்ல... மச்சான், போலின்னு எனக்கு மொதக் காசுலயே தெரியும்டா. செம்புன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்.