மழைப்பெட்டிக்குத் தைத்த உறை

எங்கள் மலையில் போனுக்கு ஒழுங்காகச் சிக்னல் கிடைக்காது. இந்த அறைக்குள் வந்ததிலிருந்து நீங்களே இரண்டு முறை போனைத் தூக்கிப் பார்த்துவிட்டீர்கள், ஐயா. இங்கே ஒரு தகவல் வராமல் போனால் பனிமூட்டம் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். நானும் அப்படித்தான் சொன்னேன். மழைப்பெட்டியைச் சோதிக்க வருகிற செந்தூரன் தம்பி அதை நம்பியது அவருடைய குற்றமில்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இந்த விசாரணைக்கு நானாகவே வந்தேன்.

என் பெயர் பேச்சியம்மா. தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தில், அந்த வரிசையில் கடைசி வீடு. கணவர் இல்லை, வினோதா ஒரே மகள். ஹட்டனில் ஒரு தையல் பெக்டரியில் வேலை செய்கிறேன். அங்கே வருவது நூலிலேயே வெள்ளிப் பூச்சு ஏற்றி நெய்த துணி. சாம்பல் நிறம், தொட்டால் ஜில்லென்று இருக்கும். ஆஸ்பத்திரி இயந்திரங்களின் வயர்களுக்கு அதில் உறை தைப்போம். வெளியிலிருந்து எந்த அலையும் புகுந்து இயந்திரத்தைக் குழப்பக் கூடாதாம். சேர்ந்த முதல் நாளே சூப்பர்வைசர் நிஷாந்தி தன் போனை அந்தத் துணியில் சுற்றி வைத்து, என்னை அழைத்துப் பார்க்கச் சொன்னாள். மணி அடிக்கவில்லை.

"பாத்தீங்களாக்கா? மூட்டுல ஒரு விரல் இடுக்கு இருந்தாலும் அடிச்சிரும். ஒண்ணு மேல ஒண்ணு மடிச்சுத் தைங்க" என்றாள்.

நான் தைத்ததில் ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை.

மழைப்பெட்டியை என் வீட்டில் வைத்தது செந்தூரன் தம்பிதான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மரியாதை தெரிந்தவர். வெளியே கம்பத்தில் மழையை அளக்கும் புனல். உள்ளே அலமாரி மேல் ஒரு சின்னப் பெட்டி. நடுவில் வயர் கிடையாது, போன் மாதிரி அலையில்தான் தகவல் வரும். மழை அளவு மீறி மண் சரியும் ஆபத்து வந்தால் பெட்டி கத்தும்.

"அம்மா, இது கத்தினா யோசிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ. உடனே எல்லாச் சனத்தையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார். கீழ் லயம் சரிவுக்கு நேர் அடியில் இருந்தது.

வைத்த வருஷமே பெட்டி பல முறை கத்தியது. நான் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடுவேன். எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போவோம். ஒரு முறையும் மண் இறங்கவில்லை. ஒரே மண்டபம், ஒரே பானைச் சோறு. கீழ் லயத்து வேலாயி குடும்பமும் அங்கேதான் இருக்கும். அவர்கள் வீட்டில் நாங்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஏன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். வேலாயி நல்ல பொம்பளைதான். "நனஞ்சிட்டீங்களேக்கா" என்று சொல்லித் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். அவள் திரும்பியதும் ஜன்னலுக்கு வெளியே ஊற்றினேன். முகத்துக்கு நேரே மறுத்தால் மனசு நோகும் பாருங்கள்.

அவள் மகன் தனுஷன், ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறவன். மண்டபத்தில் எங்கே பாயை விரித்தாலும் வினோதாவின் பாய்க்குப் பக்கத்தில் அவன் பாய் வந்துவிடும். பிறகு பிறகு வானம் இருட்டினாலே வினோதா தலையை வாரிக்கொண்டு பையை எடுத்து வைக்கத் தொடங்கினாள். பெட்டி கத்தும்போது எல்லோரும் பதறுவார்கள், அவள் மட்டும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. கண்டித்தேன்.

"அவங்களும் மனுசங்கதானம்மா" என்றாள்.

பெண்பிள்ளையைக் கைநீட்டி அடிப்பது எனக்குப் பிடிக்காது. பெக்டரியில் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் குப்பைக்குத்தான் போகும். அதில் கொஞ்சம் எடுத்துவந்து பெட்டிக்கு ஓர் உறை தைத்தேன். தூசி படாமல் இருக்க என்று வினோதாவிடம் சொன்னேன். மூட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக மடித்துத் தைத்தேன். அதற்குப் பிறகு பெட்டி கத்தவில்லை.

செந்தூரன் தம்பி சோதிக்க வரும்போது உறையைக் கழற்றி வைப்பேன். "இடையில கனநாள் மழையே பதியேல்லையே அம்மா?" என்று ஒரு முறை கேட்டார்.

"பனிமூட்டங்க தம்பி. போனே எடுபடாதுங்களே" என்றேன். பெட்டரியை மாற்றிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, முந்தின நாளிலிருந்தே மழை விடவில்லை. மத்தியானம் கோழிகளைப் பார்க்க வெளியே போனேன். கீழ் லயத்துக்குப் பின்னால் மலையிலிருந்து பீலி வழியாக விழுகிற ஊற்றுத் தண்ணீர் செம்மண்ணாக ஓடியது. தண்ணீர் கலங்கினால் மண் நகர்கிறது என்று அர்த்தம். அதையும் தம்பி சொல்லித் தந்திருந்தார். உள்ளே வந்து பெட்டியைப் பார்த்தேன். உறையின் ஓரம் கொஞ்சம் விலகியிருந்தது. இழுத்துச் சரிசெய்தேன்.

வினோதா போனில் இருந்தாள். "எனக்கு பயமா இருக்கு. அத்தையக் கூட்டிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க" என்றாள்.

தனுஷன் சத்தமாகப் பேசுகிறவன், எனக்கும் கேட்டது. "பெட்டி கத்தலயே. கத்துனா ஒங்கம்மா தகரத்தத் தட்டிக்கிட்டு வந்துருவாங்க. பயப்படாத."

அவள் என்னைப் பார்த்தாள். "ஏம்மா, இந்தப் போடு போடுது மழ. பெட்டி ஏன் கத்தல?"

"கத்துற அளவுக்கு இல்லடி" என்றேன்.

அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். கொதி வருவதற்குள் அந்தச் சத்தம் கேட்டது, லொறியிலிருந்து கல் கொட்டுவதுபோல. வெளியே வந்தபோது கீழ் லயத்தில் பாதி இல்லை. விசாரிக்க ஆள் வரும் என்று உறையைக் கழற்றினேன். கொஞ்ச நேரத்தில் பெட்டி கத்தத் தொடங்கியது. அதை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. வினோதா ஓடிவந்து பெட்டியைப் பார்த்தாள், பிறகு என் கையில் இருந்த உறையைப் பார்த்தாள்.

வேலாயியை மறுநாள் எடுத்தார்கள். தனுஷனை இன்னும் எடுக்கவில்லை.

வினோதா என்னோடு பேசுவதில்லை. நான் போட்டுக் கொடுக்கிற தேத்தண்ணியை ஜன்னலுக்கு வெளியே ஊற்றுகிறாள், அதுவும் என் முகத்துக்கு நேரே. கோபம், போகப்போகத் தணிந்துவிடும். இப்போது எங்கேயும் போவதில்லை, யாருக்கும் போன் பண்ணுவதில்லை. உடப்புசல்லாவையில் எங்கள் ஆட்களில் ஒரு நல்ல இடம் பார்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் என்னை எங்கே அனுப்பினாலும் அது முடிந்த பிறகு அனுப்பினால் நல்லது.

பெட்டி கத்தியிருந்தால் அன்றைக்கும் அந்தப் பையன் அவள் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருப்பான். பெற்றவள் அதை எப்படி ஐயா பார்த்துக்கொண்டிருக்க முடியும்?