நாற்பது மிதி

பேரம் பேசாமல் ஒரு கட்டுக் கொத்தமல்லிகூட எனக்கு வாங்க வராது சார். அப்பா பெங்களூர் ஜே.சி. ரோட்டில் பழைய கார் சாமான் விற்றவர். எதிராளி வாயைத் திறக்கும்வரை நீ முகத்தில் எதையும் காட்டாதே என்பதுதான் அவர் எனக்கு விட்டுப்போன ஒரே சொத்து. ஆகவே நான் நிதானமாகப் பேசுவதைத் திமிர் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். வளர்ப்பு அப்படி.

நீலசந்திராவில் பன்னிரண்டு வருஷமாக நானும் ஓஸ்வால்டும் கார் ரிப்பேர் ஷெட் நடத்தினோம். வாடிக்கையாளரிடம் பேச நான், வண்டியிடம் பேச அவன். ஏ.பி.எஸ். பிரேக் வைத்த பழைய வெளிநாட்டு வண்டி வந்தால் மற்ற மெக்கானிக்குகள் கும்பிடு போட்டு எங்களிடம் அனுப்பிவிடுவார்கள். காரணம் உண்டு. சாவியை எடுத்த பிறகும் அதற்குள் ஓர் உருண்டையில் பிரேக் ஆயில் பயங்கர அழுத்தத்தோடு அடைந்து கிடக்கும். பைப்பைக் கழற்றுமுன் பெடலை நாற்பது தடவை மிதித்து அந்த அழுத்தத்தைச் சாகடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கழற்றுகிறவன் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். மிதிப்பது நான், வாய்விட்டு எண்ணிக்கொண்டே. நாற்பது என்று காதில் விழுந்ததும் ஸ்பானர் போடுவது அவன். ஒரு நாளும் அவன் சரிபார்த்ததில்லை.

அப்படிப்பட்டவன், ஓசூர் ரோட்டில் புதிதாக வந்த பெரிய சர்வீஸ் சென்டருக்கு மூன்று தடவை போய்வந்திருக்கிறான். என்னிடம் சொன்னது, மனைவி ஆஞ்சலாவுக்குப் பல்வலி, டாக்டரிடம் போகிறேன் என்று. எங்கள் வாடிக்கையாளர் டிரேவர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"இன்னா சுந்தரம், உன் ஆளுக்கு அங்க ஃபோர்மேன் வேலையாமே. நீ ஒண்ணுமே சொல்லல?"

சிரித்து வைத்தேன். அன்று சாயந்திரம் ஆஞ்சலாவுக்கென்று ஒரு சீசா கிராம்புத் தைலம் வாங்கி அவன் கையில் கொடுத்தேன். தாங்க்ஸ் சொல்லி வாங்கிக்கொண்டான். பொய் சொன்னதைக்கூட விட்டுவிடுவேன் சார். மருந்தையும் வாங்கிக்கொண்டானே.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அந்த மாதிரி ஏ.பி.எஸ். வண்டி ஒன்று வந்தது. அவனுக்குக் கிட்டப்பார்வை, நட்டின் மேல் மூக்கை வைத்துத்தான் வேலை செய்வான். பானெட்டுக்குள் குனிந்தான். நான் ஸீட்டில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். எண்ணினேன், அவ்வளவுதான். கால் சும்மா தரையில் இருந்தது. குரல் மட்டும் மிதிக்கிறவனுடையதுபோல மூச்சு வாங்கியது.

இருபத்தெட்டில் அவன் பேசினான்.

"குரு, எண்ணிக்கினே கேளு. ஆஞ்சலாக்குப் பல்வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேற எடத்துல வேலைக்குக் கூப்ட்டாங்க, போய்ப் பாத்தேன். நேத்து நீ தைலம் குடுத்தியா, மூஞ்சிய எங்க வெச்சிக்கறதுன்னு தெரியல. வர்லன்னு ஃபோன் பண்ணி சொல்ட்டேன். திட்டறதுன்னா அப்புறமா திட்டு."

இருபத்தொன்பது என்றேன்.

நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். மிச்சமிருந்த பன்னிரண்டு மிதியில் அந்த அழுத்தம் அடங்காது. நிறுத்தினால் ஏன் என்று கேட்பான். ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினால், இவ்வளவு நேரம் மிதிக்கவில்லையா என்பான். பன்னிரண்டு வருஷத்தில் என் வார்த்தைமேல் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்ததில்லை. அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

நாற்பது என்றேன். ஸ்பானர் திரும்பியது.

அவனுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் உங்கள் ஏட்டிடம் ஓஸ்வால்டு, "சுந்தரம் கரெக்டாத்தான் எண்ணுனான், நான் கேட்டேன்" என்று சொன்னானாம். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் சார். மிதிக்கவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். எண்ணிக்கையில் நான் யாரையும் ஏமாற்றியதில்லை.