புளி போட்டுத் துலக்கிய அம்மன்

என் பெயர் பாஞ்சாலி, வயது 46, கணவர் பெயர் கோபி. விழுப்புரம் மாவட்டம், திண்டிவனம் வட்டம், பெருநாவலூர், அம்பேத்கர் நகரில் குடியிருக்கிறேன். ஊர்க் கோயில் மதிலை ஒட்டிய அருங்காட்சியகத்தில் மூன்று வருடமாக ஒப்பந்தத் துப்புரவுப் பணி செய்து வருகிறேன். யாரும் சொல்லிக்கொடுத்து நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வரவில்லை. வரவேண்டாம் என்றுதான் வீட்டில் சொன்னார்கள்.

மேற்படி அருங்காட்சியகத்தில் ஒன்றரை அடி உயரமுள்ள ஐம்பொன் அம்மன் சிலை ஒன்று உள்ளது. ஐந்து வருடத்துக்கு முன் எங்கள் ஏரியில் நூறு நாள் வேலை நடந்தபோது அது என் மண்வெட்டியில்தான் தட்டுப்பட்டது. பானை என்று நினைத்துத் தோண்டினேன். தலை தெரிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் வந்து என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். தாலுகா ஆபீஸ் ஜீப் வந்து ஏற்றிப்போகும்வரை தள்ளியே நின்றேன். அருங்காட்சியகத்தில் பெருக்குகிற வேலை என்றதும் நான் ஓடிவந்து சேர்ந்தது அந்தச் சிலைக்காகத்தான்.

வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அன்று நான் தண்ணீர் விட்டுக் கழுவ வசதியாகக் காப்பாளர் விருத்தாசலம் அவர்கள் சாவிக்கொத்தை என்னிடம் கொடுப்பது வழக்கம். அப்படிக் கொடுக்கக்கூடாது என்று விதி இருப்பது எங்கள் இருவருக்கும் தெரியும். 09.08.2024 அன்றும் கொடுத்தார். மறுநாள் சிலைகளைச் சரிபார்க்க விழுப்புரத்திலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள், தூசி தும்பு இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அன்று ஆடி வெள்ளி. காலையில் என் வீட்டுக் குத்துவிளக்கு, சொம்பு, தாம்பாளம் எல்லாம் துலக்கிவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தேன். சிலை அறையைத் துடைத்த பிறகு அம்மனைப் பார்த்தேன். உடம்பெல்லாம் பச்சை பிடித்து, நாள்கணக்கில் கழுவாமல் போட்ட பாத்திரமாக இருந்தது. ஆடி மாதத்தில் இப்படியா நிற்கவைப்பார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. அதன் பிறகு வீட்டுக்குப் போய், ஊறவைத்து மீந்திருந்த புளியும் சாம்பலும் செங்கல் தூளும் தேங்காய் நாரும் எடுத்துவந்து, பத்து மணியிலிருந்து மதியம் இரண்டு மணிவரை தேய்த்தேன். முகத்தில் மட்டும் நார் போடவில்லை, கட்டைவிரலால் தேய்த்தேன். அதன் பிறகு தண்ணீர் ஊற்றித் துடைத்து, பூட்டி, சாவியைக் காப்பாளர் வீட்டில் கொடுத்தேன். அவர் ஆச்சரியப்படட்டும் என்று எதுவும் சொல்லவில்லை. அன்று எனக்கிருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

மறுநாள் வந்த அதிகாரிகள் பழைய போட்டோவையும் சிலையையும் பார்த்துவிட்டு, இது போன வருடம் வார்த்தது போல இருக்கிறது, அசல் சிலையை விற்றுவிட்டுப் போலியை வைத்திருக்கிறார்கள் என்று சொன்னார்களாம். சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டதற்குக் காப்பாளர், தன்னிடமேதான் இருந்தது, வேறு யாரிடமும் தரவில்லை என்று சொல்லிவிட்டார். அன்று மாலையே அவரை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். நான் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வாயைத் திறக்கவில்லை. பயம்தான் காரணம். இன்று 12.08.2024 காலை அவர் மனைவி செண்பகம் என் வீட்டுக்கு வந்து, மதியம் அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். சிலையைத் துலக்கியது யார் என்று அவர் கேட்கவில்லை. அதன் பிறகு நான் நேராக இங்கே வந்தேன்.

நான் துலக்கியதற்கு என்ன அத்தாட்சி என்று ஆய்வாளர் பிரபாவதி அவர்கள் கேட்டார். சிலையைத் தனியாளாக என்னால் தூக்க முடியவில்லை, அதனால் பீடத்தின் அடிப்பக்கம் தேய்க்கவில்லை, தூக்கிப் பாருங்கள் என்றேன். என்னையும் காப்பாளரையும் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய் எங்கள் முன்னிலையில் இரண்டு காவலர்கள் தூக்கினார்கள். அடியில் பச்சை அப்படியே இருந்தது. குழிவில் எங்கள் ஏரி வண்டலும் காய்ந்து ஒட்டியிருந்தது.

உடன் வந்த விழுப்புரம் அதிகாரி, சிலை அசல்தான், ஆனால் பல நூறு வருடத்துப் பச்சை அது, அதுதான் சிலையைக் காத்தது, இனி வராது என்றார். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தொட்டிருக்கமாட்டேன். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அப்போது காப்பாளர் என்னிடம், "வேல பூடுமே பாஞ்சாலி, நீ ஏம்மா வந்து சொன்ன?" என்று கேட்டார்.

"நீங்க உள்ள இருக்க சொல்ல, நான் எப்பிடி சார் அந்த ரூம்ல பெருக்கிக்கினு இருக்கறது?" என்றேன்.

சாவி தந்தது அவர் தப்பு. தேய்த்தது முழுக்க என் தப்பு. திருட்டு எதுவும் நடக்கவில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. புளியிலும் செங்கல் தூளிலும் கட்டைவிரல் தோல் உரிந்திருப்பதால் இரண்டு முறை வைத்தும் ரேகை விழவில்லை. ஆகவே எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) கோ. பாஞ்சாலி