எழுபத்தொன்பது அங்குலக் கதவு

— கதவைப் பத்திக் கேட்டா ஏன் கையைத் தடவறே? அது என்ன, இடது கையில ஒத்தை முடி கூட இல்லே?

— உளி தீட்டினா சோதிச்சுப் பார்க்க வேணாமா, போதில்? தோல்ல வச்சு இழுத்தா முடி சத்தமில்லாம விழணும். மாஸ்டர் சொல்லியிருக்காரு.

— வீடியோவுல வர்ற அந்த இங்கிலாந்துக்காரனுக்குக் குளியலறைக் கதவு இருக்குமில்லே? நமக்கு ஏழு மாசமா இல்லே, தோர்கில். நாளைக்கு உன் பொண்ணுக்குத் திடப்படுத்தல் சடங்கு. சர்ச்சு முடிஞ்சு இருபத்தாறு பேர் சாப்பிட வராங்க. இருபத்தாறு பேருக்கும் இந்த ஒரே குளியலறை.

— திரைதான் போட்டிருக்கேனே.

— காத்தடிச்சா தூக்கிக் காட்டற திரை! ஈஸ்டருக்கு வந்த எங்கப்பா, உள்ளே ஆள் இருக்குன்னு தெரியணுமேன்னு ஒரு கீர்த்தனை பூரா பாடினாரு. ஒன்பது சரணம். முப்பது வருஷம் போதகரா இருந்த மனுஷன். எனக்கு மானமே போச்சு.

— நல்லாத்தானே பாடினாரு.

— அப்பா, என் கிளாஸ்ல இருந்து எட்டுப் பேர் வராங்க. காலையில இருந்தே தண்ணி குடிக்காம வாங்கன்னு எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன்.

— கேட்டியா? பெத்த பொண்ணு ஆல்பர்தா பேசற பேச்சைக் கேட்டியா?

— ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. கதவு முடிஞ்சுது. முழுக்க ஓக் மரம். ஒரு ஆணி கிடையாது, ஒரு மோட்டார் கிடையாது. வெறும் கை.

— முடிஞ்சுதா? அப்ப மாட்டு, மகராசா!

— மாட்டிப் பார்த்தேன். நிலைக்குள்ள போகலே. ஆறு சென்டிமீட்டர் உயரம் கூட. ரெண்டு சென்டிமீட்டர் அகலம் கூட.

— ஏன், வெட்டின மரம் மறுபடி வளர்ந்துடுச்சா?

— மாஸ்டர் அங்குலத்துலதான் பேசுவாரு. அதனால நிலையை டேப்பால அளந்து, அங்குலமா மாத்திக்கிட்டேன். எழுபத்தொன்பது. ஆனா மரத்துல குறி போட்டது ஸ்கிவே ஊர்ப் பழஞ்சாமான் சந்தையில வாங்கின முழக்கோலால. அது ராஜா காலத்து டேனிஷ் அங்குலமாம். இங்கிலீஷ் அங்குலத்தை விட ஒவ்வொண்ணும் முக்கால் மில்லிமீட்டர் நீளம்.

— கையில டேப்பை வச்சுக்கிட்டா செத்துப்போன ராஜாவோட கோலைத் தேடிப் போனே?

— பிளாஸ்டிக் டேப்பால மரத்தைத் தொடக்கூடாதுன்னு மூணாவது பாகத்துல சொல்லியிருக்காரு.

— சரி. பழைய கதவையே எடுத்து மாட்டு. ரெண்டு நாளைக்கு அதுவே போதும்.

— அது இல்லே.

— இல்லேன்னா?

— அம்மா, அப்பா சாமான் வச்சு வேலை செய்யறாரே, அந்த மேசைப் பலகைதான் பழைய கதவு.

— பெரிசா ஒண்ணும் ஆகலே, போதில். மரத்தைப் பிடிச்சு நிறுத்த முளை வேணும்னு பதினாலு ஓட்டை போட்டேன். அவ்வளவுதான்.

— கதவு செய்ய மேசை வேணும், மேசைக்குக் கதவு வேணும்! இதுக்கு மேல நான் பேசப் போறதில்லே. பக்கத்து வீட்டு வெர்னர் கிட்ட கரண்ட் ரம்பம் இருக்கு. வரச் சொல்லிட்டேன். ரெண்டே நிமிஷம்.

— வேணாம். தயவு பண்ணு, வேணாம்.

— அவர் கையால வெட்டின கதவு மூடாதா?

— இருபத்திரெண்டு வருஷமா நகராட்சியில கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து பட்டியலா அடிச்சுத் தள்ளியிருக்கேன். நான் செஞ்சதுன்னு கையால தொட்டுக் காட்ட ஒண்ணுமே இல்லே, போதில். இது ஒண்ணுதான். இதுல மோட்டார் சத்தம் விழுந்தா எனக்கு அழுகை வந்துடும்.

— எனக்கு ஏழு மாசமா வருது! ஊர் நீச்சல் குளத்துல போய்க் குளிச்சுட்டு வரேன். அங்க டிக்கெட் கிழிக்கிறவ, "வீட்டுல ஏதாவது பிரச்சினையா"ன்னு கேக்கறா. இன்னிக்குக் கதவு நிக்கலேன்னா, நாளைக்கு விருந்து முடிஞ்சதும் எங்கப்பா கூடவே நானும் கிளம்பிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லலே.

— சரி, சரி. நானே கையால அறுத்துடறேன். நாலாவது பாகம், குறுக்கே அறுக்கறது. ஆல்பர்தா, அந்த டேப்லெட்டைக் கொடு.

— நாற்பது நிமிஷ வீடியோப்பா அது.

— முதல் பதினஞ்சு நிமிஷம் எப்படி நிக்கணும்னு மட்டும்தான் சொல்லுவாரு. அதுதான் அஸ்திவாரம். பார்த்தியா? இடது காலை முன்னாடி வைக்கணுமாம். மூச்சை வெளியே விட்டுக்கிட்டே… என்ன சத்தம் அது? வீடியோவுல இருந்தா வருது?

— இல்லேப்பா. திரும்பிப் பாருங்க.

— போதில்! ரம்பத்தைக் கீழே வை! அது முப்பது மணி நேரம் தீட்டின ரம்பம்!

— பலகையைப் பிடி, கத்தாதே. கீழே விழுந்து பிளந்துடப் போகுது. ஆமா, அப்படித்தான்.

— நீ நிக்கிறதே தப்பு. வலது கால் முன்னாடி இருக்கு.

— கோடு நேரா வருதா, இல்லையா?

— வருது.

— அப்ப காலைப் பார்க்காதே. ஆங்… முடிஞ்சுது. தோர்கில், இது என்ன இப்படி அறுக்குது? கறுப்பு ரொட்டி அறுக்கக்கூட நான் இதை விட அழுத்துவேன்.

— ஏழு மாசம் வேற என்ன பண்ணினேன்னு நினைச்சே?

— சும்மா சொல்லக்கூடாது. நல்லாத்தான் தீட்டியிருக்கே.

— அம்மா, வெர்னர் மாமா வாசல்ல நிக்கறாரு. கரண்ட் ரம்பத்தோட.

— கொஞ்சம் இருக்கச் சொல்லு. அகலத்துல ரெண்டு சென்டிமீட்டர் பாக்கி இருக்கே, அதுக்கு எதை எடுக்கணும், தோர்கில்?

— இழைப்புளி. ஆனா ஒரு பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர், ஓக் மரம். நாள் பூரா ஆகும், போதில். வெர்னரே வெட்டட்டும். நான் கண்ணை மூடிக்கறேன்.

— கொடு அதை. எங்க பிடிக்கணும்? இங்கயா?

— அழுத்தாதே. தள்ளிவிடு, போதும்.

— ஓ.

— என்ன ஆச்சு?

— பேசாதே.

— அம்மா, சுருள் தரை வரைக்கும் தொங்குது!

— இதுல எழுதினா எழுத்து மறுபக்கம் தெரியும் போல இருக்கே. இரு, இன்னொண்ணு.

— போதில், வெர்னர் காத்துக்கிட்டிருக்காரு.

— மோட்டாரைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லு. நல்ல மரத்தை எரிக்கவா வந்தாரு?

— நாளைக்கு விருந்தும்மா!

— விருந்துக்கு இன்னும் ஒரு ராத்திரி முழுசா இருக்கு.

— தாத்தா போன் பண்றாரு. அஞ்சு மணி ரயில் வந்துடுச்சாம். காரைக் காணோமேன்னு பாட்டி திட்டறாங்களாம். தாத்தாவுக்கு அவசரமா பாத்ரூம் போகணுமாம்.

— ஸ்டேஷன்ல கதவு வச்ச பாத்ரூம் இருக்கு. அங்கயே போயிட்டு, மெதுவா ஒரு டாக்சி பிடிச்சு வரச் சொல்லு. தோர்கில், நீ சும்மாதானே நிக்கறே? போய் நம்ம படுக்கையறைக் கதவைக் கழட்டி எடுத்துட்டு வா. எனக்கும் ஒரு மேசை வேணும்.